நடக்கச் சொல்லி மெசேஜ் அனுப்பினால் கர்ப்பிணிகள் நடப்பார்களா?

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் பதிவு செய்திருக்கும் கர்ப்பிணிகள் 140 பேர். நிறையப் பேருக்குச் சர்க்கரை வருகிறது, எடை தாறுமாறாக ஏறுகிறது. நடங்கள் என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், அடுத்த மாதம் வந்து கேட்டால் நடக்கவில்லை என்கிறார்கள். எல்லோருடைய செல் நம்பரும் இருக்கிறது. தினமும் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் நடப்பார்களா? என்ன எழுதுவது?"

சிஸ்டர், நேராகவே சொல்லிவிடுகிறேன். பலன் இருக்கும், ஆனால் தினமும் ஞாபகப்படுத்துவதால் வராது. ‘நடந்தீர்களா, நடந்தீர்களா’ என்று தினமும் கேட்டால் ஒரே மாதத்தில் உங்கள் மெசேஜும் ரீசார்ஜ் மெசேஜ், லோன் மெசேஜ்களோடு சேர்ந்து திறக்காமலே கிடக்கும். நான் பிசியோதெரபிஸ்ட், கர்ப்பிணிகளுக்கான ஓபியில் 16 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் இரண்டு வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக இந்த மாதிரி மெசேஜ்கள் எழுதிக்கொடுத்திருக்கிறேன். மறந்துபோய் நடக்காமல் இருக்கும் கர்ப்பிணியை இதுவரை நான் பார்த்ததே இல்லை. பயந்துகொண்டு நடக்காதவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் விடமாட்டார்கள் என்பதால் நடக்காதவர்கள், தெருவில் நாய்க்குப் பயந்து நடக்காதவர்கள், நாள் முழுக்க வேலை பார்த்துக் கால் கடுத்துப்போய் இனிமேல் என்னத்த நடக்கிறது என்று படுத்துவிடுகிறவர்கள், இவர்கள்தான் அதிகம். இவர்கள் யாருக்கும் நினைவூட்டல் தேவையில்லை.

ஒரு காட்சி சொல்கிறேன். ஐந்தாம் மாதம், முதல் பிரசவம், வயது இருபத்திரண்டு இருக்கும். கூடவே மாமியார். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடம்மா, சாயங்காலம் கொஞ்சம் வேகமாக ஒரு இருபது நிமிஷம் நட என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் கெட்டவர் எல்லாம் கிடையாது, மருமகளுக்கு மாதுளம்பழம் உரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "தலைச்சன் பிள்ளை மேடம், நல்லபடியா நிக்கணுமே" என்றார், அவ்வளவுதான். நான் அரை மணி நேரம் பேசியதெல்லாம் அந்த ஒரு வரியில் போய்விட்டது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது அறிவுரையே இல்லை, அனுமதி. "நடந்தால் பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாது" என்று டாக்டர் வாயால் வரும் ஒரு வரி, அதுவும் மாமியார் காதில் விழுகிற மாதிரி. எஸ்எம்எஸ்ஸால் செய்ய முடிந்த பெரிய காரியம் இதுதான் என்பது என் கருத்து. ஓபியில் நாம் சொல்வது ஓபியோடு போய்விடும், போனில் இருப்பதை வீட்டில் நாலு பேருக்குக் காட்டலாம்.

இந்தப் பயம் வீட்டுப் பெரியவர்களின் அறியாமை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், மருத்துவ உலகமே ஒரு காலத்தில் பயந்துகொண்டுதான் இருந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 1985இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கர்ப்பிணிகள் உடற்பயிற்சி செய்யும்போது இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 140ஐத் தாண்டக்கூடாது, கடுமையான பயிற்சி 15 நிமிஷத்துக்கு மேல் கூடாது என்று இருந்தது. 1994இல் அந்த 140 கணக்கைக் கைவிட்டுவிட்டார்கள். அந்த எண்ணை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் டாக்டர்களை நானே பார்த்திருக்கிறேன். இப்போது நிலைமை வேறு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதலில் கர்ப்பிணிகளையும் பிரசவித்த பெண்களையும் தனியாகச் சேர்த்து, தடை சொல்லும்படியான பிரச்சினை இல்லாதவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடலியக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கச் சங்கமும் அதே 2020இல் அதே கணக்கைத்தான் சொல்கிறது. கனடாவிலிருந்து 2018இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், கர்ப்ப காலத்தில் உடற்பயிற்சி செய்த பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், அழுத்தத்தோடு சிறுநீரில் புரதம் போகும் அந்த ஆபத்தான நிலை, இந்த மூன்றும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. இந்த வாய்ப்பு 25 சதவீதமாவது குறைய வேண்டுமென்றால் வாரத்துக்கு 140 நிமிஷம் வேகநடை போதும் என்றும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு 20 நிமிஷம். அதையும் பத்து பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மிதமான என்றால் எவ்வளவு என்று கேட்பார்கள். வாட்ச், மீட்டர் எதுவும் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. இதைச் சொன்னால் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுகிறது.

சரி, மெசேஜால் நடை கூடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள், 2013இல் முடிவு வெளிவந்தது. எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, நடை பற்றி ஆலோசனை சொல்லிவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் தொடர்ந்து எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், எஸ்எம்எஸ் போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்திருந்தது, போனவர்களில் 18 சதவீதம். ஸ்மார்ட்போனோ ஆப்போ இல்லாமல், வெறும் எஸ்எம்எஸ்ஸில் கிடைத்த பலன் இது. எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை வந்ததே இதைப் படித்த பிறகுதான்.

ஆனால் அவர்கள் ஆண்கள், வயிற்றில் பிள்ளை இல்லை. கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வுகளைப் பார்த்தால் முடிவுகள் அவ்வளவு பளிச்சென்று இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் 30 கர்ப்பிணிகளைச் சேர்த்து, 12 வாரம், பாதிப் பேருக்கு அடிகளை எண்ணும் கருவியோடு தினசரிச் செய்தியும் அனுப்பிப் பார்த்தார்கள். நடந்த அடிகளின் எண்ணிக்கையில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் செய்தி போனவர்கள் ‘உடம்பில் தெம்பில்லை, அதனால் நடக்க முடியவில்லை’ என்று சொல்வது குறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடியிருந்த 100 பெண்களுக்கு எஸ்எம்எஸ், வீடியோ, இணையக் குழு எல்லாம் சேர்த்துக் கொடுத்த ஒரு ஆய்வில், செய்தி கிடைத்தவர்களுக்குக் கர்ப்பத்தில் கூடிய எடை சராசரியாக 7.8 கிலோ, மற்றவர்களுக்கு 9.7 கிலோ. நடையும் வேலையும் இரண்டு பக்கமுமே மாதம் ஏற ஏறக் குறைந்தன. செய்தி கிடைத்தவர்களுக்குக் கொஞ்சமாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் திட்டம் ஜெயிக்கிறதா தோற்கிறதா என்று நீங்கள் பார்க்கப்போகும் இடம் இதுதான். கர்ப்பம் வளர வளர யாருக்கும் நடை குறையும். எட்டாம் மாதத்தில் இருப்பவர் நான்காம் மாதத்தைவிட அதிகமாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் உங்கள் கணக்கில் எல்லோருமே ஃபெயில். நான்காம் மாதத்தில் 20 நிமிஷம் நடந்த பெண் எட்டாம் மாதத்திலும் 15 நிமிஷம் நடக்கிறாள் என்றால் அது பெரிய வெற்றி, அதை அவளிடமே சொல்லிப் பாராட்ட வேண்டும்.

இப்போது என்ன எழுதுவது. முதல் முதலில் நாங்கள் அனுப்பிய செய்தி இது:

"கர்ப்ப காலத்தில் தினமும் 30 நிமிடங்கள் உடற்பயிற்சி செய்வது தாய்க்கும் சேய்க்கும் நல்லது."

தப்பே இல்லாத வாக்கியம். ஆனால் சுவரில் எழுதிப்போட்ட மாதிரி இருக்கிறது, யாரும் யாரிடமும் இப்படிப் பேசுவதில்லை. உடற்பயிற்சி என்ற வார்த்தையைப் பார்த்ததும் நம் பெண்களுக்கு ஜிம் ஞாபகம் வரும், டிவியில் வரும் யோகா ஞாபகம் வரும், ‘அதெல்லாம் நமக்கெதுக்கு’ என்று தள்ளிவிடுவார்கள். முப்பது நிமிஷம் என்றதும் மலைப்பு. இன்னொன்று, இது ஒரு எஸ்எம்எஸ்ஸில் அடங்காது. ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து கிடைக்கும், தமிழில் 70தான். அதிலும் போன் எண்ணுகிற விதம் வேறு. நாம் ‘உடற்பயிற்சி’யை ஏழு எழுத்து என்று எண்ணுவோம், போன் புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணி 11 என்று சொல்லும். மேலே இருக்கும் செய்தியைப் போன் கணக்கில் எண்ணினால் 88 வருகிறது, ஆகவே இரண்டு எஸ்எம்எஸ் காசு. பழைய பட்டன் போன் சிலவற்றில் அது இரண்டு துண்டாகப் பிரிந்து, பின்பாதி முதலில் வந்து சேர்ந்த கூத்தும் நடந்திருக்கிறது.

பிறகு ஓபிக்கு வரும் பெண்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி மாற்றியது இது:

"சாப்பிட்டாச்சா? வாசலில் 10 நிமிஷம் நடங்க. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

எண்ணிப் பாருங்கள், 69. ஒரே எஸ்எம்எஸ். இந்த மூன்று துண்டு வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். ‘சாப்பிட்டாச்சா’ என்பது நம் ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் கேட்பது, நர்சம்மாவே கூப்பிட்டுக் கேட்ட மாதிரி இருக்கும், அதோடு எப்போது நடக்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. சர்க்கரை ஏறும் நேரம் சாப்பாட்டுக்குப் பின்தான், அப்போது பத்து நிமிஷம் நடந்தால் ஏறுவது குறையும். ‘வாசலில்’ என்பது இடம், வீட்டை விட்டுப் போக வேண்டாம், நாய் பயம் இல்லை, மாமியார் கண் எதிரிலேயே நடக்கலாம். பத்து நிமிஷம் யாருக்கும் மலைப்பில்லை. கடைசி வரிதான் அந்த அனுமதி. இந்தச் செய்தியைப் போனில் நீட்டி மாமியாரிடம் காட்டினேன் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பாப்பா என்ற சொல்லும் யோசித்துப் போட்டதுதான். அவன், அவள் என்று தவறியும் எழுதிவிடாதீர்கள், ‘குட்டி ராஜா’ என்றெல்லாம் சிலர் ஆசையாக எழுதுவார்கள், பாலினத்தை நர்ஸ் சூசகமாகச் சொல்கிறார் என்று வீட்டில் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், சட்டப்படியும் அது பெரிய வம்பு.

கடைசி வரியை எல்லோருக்கும் அனுப்பக்கூடாது, இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 140 பேரையும் ஒரே பட்டியலாக வைக்காதீர்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், ரத்தப்போக்கு இருந்தவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், அழுத்தம் அதிகமாகிச் சிறுநீரில் புரதம் போகிறவர்கள், குறைமாதப் பிரசவ வலி வந்து நின்றவர்கள், இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் ரொம்பக் குறைவாக இருப்பவர்கள், இவர்களை டாக்டர் பார்த்துச் சொல்லாமல் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். இரட்டைக் கரு என்றாலும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தசோகையை நான் அழுத்திச் சொல்லக் காரணம், 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் பெண்ணுக்கு ‘இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்க’ என்று மெசேஜ் போனால் அதைவிடக் கொடுமை இல்லை. அவளுக்கு முதலில் இரும்புச்சத்து மாத்திரை பற்றித்தான் செய்தி போக வேண்டும். மாதாமாதம் 9ஆம் தேதி நடக்கும் முகாமில் டாக்டர் எல்லோரையும் பார்ப்பார் இல்லையா, அப்போதே கார்டின் மேல் மூலையில் ‘நடக்கலாம்’ என்று ஒரு டிக் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். டிக் உள்ள கார்டுக்கு மட்டும் மெசேஜ்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, எல்லோரும் மறந்துவிடுகிற கூட்டம். நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை, செங்கல் சூளை, நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பது. காலையிலிருந்து நின்று, குனிந்து, சுமந்துவிட்டு ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு பொங்கும் பெண்ணுக்கு, ‘இன்று 10 நிமிஷம் நடங்க’ என்று செய்தி வந்தால் அவளுக்கு என்ன தோன்றும்? ஒரு பெண் என்னிடம் கேட்டே விட்டாள், "நான் என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் அனுப்புறீங்களா மேடம்?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டு வேலை, கூலி வேலை எல்லாமே உடலியக்கக் கணக்கில் வரும், உலக சுகாதார நிறுவனமும் அப்படித்தான் எண்ணுகிறது. இவர்களுக்கு வேறு செய்தி வேண்டும். வெயில் நேரத்தில் தண்ணீர் குடிப்பது, கனமானதைத் தூக்காமல் இருப்பது, வேலை முடிந்ததும் காலை நீட்டி ஒருக்களித்துப் படுப்பது. இப்படி ஒரு செய்தி எழுதினோம்: "இன்னைக்கு வேலை ஜாஸ்தியா? கொஞ்ச நேரம் ஒருக்களிச்சுப் படுங்க." அதற்குத்தான் எங்களுக்கு அதிகமாகப் பதில் வந்தது. பதிவு செய்யும்போது ‘என்ன வேலை பார்க்கிறீங்க, எத்தனை மணி நேரம் நிக்கிறீங்க’ என்ற இரண்டு கேள்வி கேட்டு எழுதிவைத்தால் போதும், பட்டியலைப் பிரித்துவிடலாம்.

எத்தனை அனுப்புவது என்றால் வாரத்துக்கு மூன்றுக்கு மேல் போகாதீர்கள். அமெரிக்காவில் 2010 பிப்ரவரியில் தொடங்கிய டெக்ஸ்ட்4பேபி என்ற இலவசச் சேவை பிரசவத் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, எந்த வாரத்தில் எது தேவையோ அதை வாரத்துக்கு மூன்று செய்தியாக அனுப்பியது. அந்த அளவு சரியாகத்தான் படுகிறது. மூன்றில் ஒன்று நடை, ஒன்று வேறு ஏதாவது, ஒன்று அவர்களைக் கேள்வி கேட்பது. எல்லாமே நடை என்றால் சலித்துவிடும்.

நேரத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவர்களிடம் கேளுங்கள். நாங்கள் முதலில் காலை 7 மணிக்கு அனுப்பினோம், புத்துணர்ச்சியாக இருக்கும் என்று. அந்த நேரத்தில் நம் வீடுகளில் ஒரு பெண்ணால் போனைத் தொட முடியுமா, அடுப்பில் இட்லி, ஒரு பக்கம் டிபன் பாக்ஸ், முதல் பிள்ளைக்கு யூனிஃபார்ம். மசக்கை உள்ளவர்களுக்குக் காலை நேரம் பாத்ரூமில். பிறகு கேட்டுப் பார்த்ததில் பெரும்பாலானவர்கள் சொன்னது மதியம் இரண்டரை, இல்லாவிட்டால் சாயங்காலம் ஐந்து. சித்திரை, வைகாசியில் ஐந்தும் சரிப்படாது, ஆறரைக்கு மாற்ற வேண்டும், கத்திரி வெயிலில் கர்ப்பிணியை வெளியே அனுப்புவது தப்பு. மொட்டை மாடி உள்ளவர்களுக்கு மாடி, இல்லாதவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஹாலுக்கும் கொல்லைப்புறத்துக்கும் போய்வருவது.

அப்புறம் போன் யாருடையது என்ற பிரச்சினை. உங்களிடம் இருக்கும் 140 நம்பரில் எத்தனை அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நான் சொன்ன அதே கணக்கெடுப்பில், தான் சொந்தமாகப் பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம்தான். பதிவேட்டில் பாதி நம்பர் கணவருடையதாக இருக்கும். அவர் லாரியிலோ திருப்பூரிலோ இருப்பார், மதியம் இரண்டரைக்கு ‘சாப்பிட்டாச்சா, வாசலில் நடங்க’ என்று அவருக்குப் போய் என்ன பயன். கணவர் நம்பர்தான் என்றால் செய்தியையே மாற்றுங்கள்: "ராத்திரி சாப்பிட்டதும் உங்க வீட்டுக்காரம்மாவோட 10 நிமிஷம் நடந்துட்டு வாங்க." கூட ஒரு ஆள் நடந்தால் நாய் பயமும் இருட்டுப் பயமும் போய்விடும். வெளியூரில் இருப்பவர் என்றால் ‘இன்னைக்கு நடந்தாங்களான்னு போன் போட்டுக் கேளுங்க’. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் செய்திதான் வழி. மத்திய அரசின் கில்காரி திட்டம் 2016இல் தொடங்கியபோது எழுத்தே வேண்டாம் என்று நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது வரை வாரம் ஒரு குரல் அழைப்பு, மொத்தம் 72 என்று வைத்தது இதனால்தான்.

மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பக் கம்பெனி மூலம் போனால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புபவர் பெயரையும் ஒவ்வொரு செய்தியின் மாதிரியையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஒரு வார்த்தை மாற்றினாலும் மறுபடி அனுமதி. 140 பேருக்கு அந்த அலைச்சல் தேவையில்லை என்றுதான் நான் சொல்வேன். வாட்ஸ்அப் குரூப் மட்டும் தொடங்காதீர்கள், எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும், யாருக்குக் கரு தங்கவில்லை என்பதும் தெரிந்துபோகும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள், 256 பேர் வரை சேர்க்கலாம், தனித்தனியாகத்தான் போகும். உங்கள் நம்பரை அவர்கள் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் போய்ச்சேரும், அதனால் பதிவு செய்யும் அன்றே கையோடு போனை வாங்கி ‘நர்சம்மா’ என்று சேவ் செய்து கொடுத்துவிடுங்கள். அலுவலகப் போனிலிருந்து அனுப்புங்கள், உங்கள் சொந்த நம்பர் வேண்டாம், ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வர ஆரம்பித்தால் உங்களுக்கு வீடு என்று ஒன்று இருக்காது.

பதில் வரும் வழி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். தென்னாப்பிரிக்க அரசு 2014 ஆகஸ்டில் மாம்கனெக்ட் என்று ஒரு சேவையைத் தொடங்கியது, கர்ப்பிணிகளுக்கு வாரவாரம் செய்தி போகும். அதில் எனக்குப் பிடித்தது செய்திகளைவிட அதோடு வைத்த உதவி மேசைதான், பெண்கள் சந்தேகம் கேட்கலாம், மருத்துவமனையில் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் புகாரும் சொல்லலாம். நமக்கு அவ்வளவு வசதி இல்லாவிட்டாலும் மிஸ்டு கால் இருக்கிறதே. ‘நடந்துட்டீங்கன்னா ஒரு மிஸ்டு கால் குடுங்க’ என்று வெள்ளிக்கிழமை ஒரு செய்தி, வந்த நம்பர்களை நோட்டில் டிக் அடித்தால் உங்களுக்கு ஒரு கணக்கும் ஆச்சு, அவர்களுக்கு நர்சம்மா பார்க்கிறார் என்ற உணர்வும் ஆச்சு. மூன்று வாரம் தொடர்ந்து மிஸ்டு கால் வராத பெண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். திட்ட வேண்டாம். என்ன ஆச்சும்மா என்று கேட்டால் போதும், நடையை விட்டுவிட்டு வேறு ஏதோ ஒன்று வெளியே வரும், பெரும்பாலும் அதுதான் முக்கியமானதாக இருக்கும்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தனிச் செய்தியாக மாதம் ஒரு முறையாவது அனுப்புங்கள், நீளமானாலும் பரவாயில்லை, இதில் காசு பார்க்காதீர்கள்: "நடக்கும்போது ரத்தம், தண்ணி போறது, தலைசுத்தல், நெஞ்சுவலி, கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ, விட்டுவிட்டு வயித்துவலி இருந்தா உடனே நிறுத்திட்டு எங்களைக் கூப்பிடுங்க. அவசரம்னா 108."

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் வேலை செய்த அந்தத் திட்டத்தில் ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. வேறு ஊர் மருத்துவமனையில் நடந்ததால் எங்கள் பட்டியலுக்குத் தெரியவில்லை, யாரும் தெரியப்படுத்தவும் இல்லை. மூன்று வாரம் கழித்து அவள் போனுக்கு ‘பாப்பாவோட இன்னைக்கு நடந்தீங்களா அம்மா?’ என்று செய்தி போனது. நான் எழுதிய வரி. அவளுடைய அண்ணன் போன் செய்து, கோபமாகக்கூட இல்லை, "இனிமே அனுப்பாதீங்க மேடம், அவ போனையே கையில எடுக்க மாட்டேங்கிறா" என்றார். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். செய்தி அனுப்புவதற்கு முந்தின நாள் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியர்களிடம் ஒரு தடவை படித்துக்காட்டிவிட்டுத்தான் அனுப்புவது. பத்து நிமிஷ வேலை. பதிவு செய்யும்போதே, எந்தக் காரணத்தாலும் செய்தி வேண்டாம் என்றால் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், காரணம் கேட்க மாட்டோம் என்று இன்னொரு நம்பர் எழுதிக்கொடுப்பது. மாம்கனெக்டில் கருவை இழந்தவர்களுக்கென்றே தனியாக ஆறுதல் செய்திகள் வைத்திருக்கிறார்கள், வேண்டுமென்றால் அவர்கள் அதற்கு மாறிக்கொள்ளலாம். உங்கள் பட்டியலில் எத்தனை பேர் என்பதைவிட, வாரவாரம் அது சரியாக இருக்கிறதா என்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே போனதும் நம் நடை முழுக்க நின்றுவிடும். அம்மா வீட்டில் ஒரு தம்ளர் கழுவ விடமாட்டார்கள், உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு வரும், ஆசையாகப் பொங்கிப் போடுவார்கள், எடை ஏறுவதும் சர்க்கரை ஏறுவதும் அந்த இரண்டு மாதத்தில்தான். வளைகாப்புத் தேதியைக் கேட்டுக் கார்டில் குறித்துக்கொள்ளுங்கள், அம்மா நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு அடுத்த வாரம் அம்மாவுக்கு நீங்களே ஒரு தடவை போன் செய்து, உங்க பொண்ணு தினமும் சாப்பிட்டதும் வாசல்ல நடந்துட்டிருந்தா, இங்கேயும் நடக்கலாம், டாக்டர் பார்த்துச் சொன்னதுதான் என்று சொல்லிவிடுங்கள். மெசேஜ் அதற்குப் பிறகு அவர் போனுக்குப் போகட்டும். அம்மாக்கள் பலர் மகளோடு சேர்ந்து தாங்களும் நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கும்.